படம் முடிந்த பின்னும் ஊரில் இருப்பவர்

வெளிநாட்டுப் படக்குழு ஒன்று ஒரு ஊருக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே அந்த ஊருக்கு ஒரு போன் வந்துவிடும். “ஏரி வேண்டும், பின்னால் பாறை வேண்டும், நடுவில் மின்கம்பம் கூடாது, விமான நிலையத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்” என்று மறுமுனையில் ஒரு குரல் பட்டியல் வாசிக்கும். இதைக் கேட்டு உடனே ஒரு ஏரியின் பெயரைச் சொல்லக்கூடிய ஆசாமி ஊருக்கு ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் அவர் கால் படாத இடம் இருக்காது. எந்தப் புளியந்தோப்பு யாருடையது, எந்தப் பங்காளிகளுக்குள் வழக்கு நடக்கிறது, எந்தப் பாதையில் மழை பெய்தால் வேன் போகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

முதலில் இடங்களைப் படம் பிடித்து அனுப்புவார். அப்புறம் ஆட்களைப் பிடித்துக் கொடுப்பார். வேன், ஜெனரேட்டர், சாப்பாடு, பஞ்சாயத்துத் தலைவர், போலீஸ் ஸ்டேஷன் என்று வேலை வளரும். இரண்டு மூன்று படம் முடிந்ததும் ‘லைன் புரொட்யூசர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்வார். செய்திப்படக்காரர்கள் இதே ஆளை ‘ஃபிக்ஸர்’ என்பார்கள். தமிழில் இதற்கு நிலைத்த சொல் இன்னும் இல்லை. ‘ஏற்பாட்டாளர்’ என்று எழுதலாம். ஊர்வாயில் ‘மேனேஜர்’தான்.

பலமனேரிலிருந்து இதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே, ஆந்திரம் தமிழகத்தையும் கர்நாடகத்தையும் தொடும் மூலையில் இருக்கிறது எங்கள் ஊர். கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்றால் தெலுங்கு, தமிழ், கன்னடம், உருது நான்கும் காதில் விழும். பக்கத்திலேயே கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம். 1980களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் இங்கே வந்து சேர்ந்தன. பல தலைமுறைகளாக யானையையே பார்த்திராத விவசாயிகளின் கரும்பிலும் கேழ்வரகிலும் இறங்கின. யானை இருக்கும் இடத்துக்குக் கேமராவும் வரும். அப்படி வந்த சில ஆவணப்படக் குழுக்களுக்கு மொழிபெயர்ப்பாளனாகக் கூடப் போனதில் இந்தத் தொழிலைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது.

படத்தைப் பார்ப்பவர்களுக்கு இயக்குநர் பெயர் தெரியும், நடிகர் பெயர் தெரியும். ஊர்க்காரரின் பெயர் ஓடுகிற பட்டியலின் கடைசியில், தியேட்டரில் விளக்கு எரிந்த பிறகு வரும். சில சமயம் வராமலே போகும். ஆனால் இந்திய சினிமாவின் சரித்திரத்தில் அந்தக் கடைசி வரிக்கு இருக்கும் இடம் சாமானியமானதல்ல.

1949-50இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்துக்காக வங்காளம் வந்தார். அவருக்கு இடம் காட்டக் கூடச் சுற்றியவர்களில் ஒருவர் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த சத்யஜித் ராய். கலை இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் பன்சி சந்திரகுப்தா. சுப்ரத மித்ராவுக்கு வேலை எதுவும் கிடைக்கவில்லை. தினமும் ஓரமாக நின்று, விளக்கு எங்கே வைக்கிறார்கள், கேமரா எங்கே நகர்கிறது என்று நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஒளிப்பதிவாளர் குளோத் ரெனுவார் அந்த நோட்டைப் பார்க்கும் அளவுக்கு அது வளர்ந்தது. சில ஆண்டுகளில் இந்த மூவரும் சேர்ந்து உருவாக்கிய படம்தான் 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’. வெளிநாட்டுப் படப்பிடிப்பு ஓர் ஊருக்குத் தரக்கூடிய மிகப் பெரிய கூலி என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

‘தி ரிவர்’ படத்தில் மெலனியாக நடித்தது சென்னை அடையாற்றுப் பெண். கலாக்ஷேத்ராவில் பரதம் பயின்ற ராதா. பின்னாளில் ராதா பர்னியர் என்ற பெயரில் 1980 முதல் 2013இல் மறையும் வரை பிரம்மஞான சபையின் சர்வதேசத் தலைவராக இருந்தவர்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை தலைகீழாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து 1935இல் வந்த எல்லிஸ் ஆர். டங்கன், ‘சதிலீலாவதி’ தொடங்கி ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். தமிழ் தெரியாது, உதவியாளர்கள் வசனத்தின் பொருளைச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே இயக்கினார். 1950இல் ஊர் திரும்பினார். அதன்பின் ‘டார்ஜான் கோஸ் டு இந்தியா’ போன்ற ஹாலிவுட் படங்கள் இந்தியாவில் எடுக்கப்பட்டபோது, இந்தக் காட்டையும் யானையையும் ஆட்களையும் அறிந்தவர் என்ற தகுதியில் அந்தக் குழுக்களோடு வேலை செய்தார். பதினைந்து ஆண்டு இங்கே கழித்த அமெரிக்கர், அமெரிக்கர்களுக்கு நம் ஊர்க்காரர் ஆகிவிட்டார்! சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரமும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தயாரித்த ‘தி ஜங்கிள்’ 1952இல் ஆங்கிலத்தில் வந்தது. ‘காடு’ என்று தமிழிலும் ஓடியது.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் நீண்ட கதை. டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ 1956-57இல் இலங்கை கித்துல்கலவில் எடுக்கப்பட்டபோது, அங்கே எடுபிடி வேலைக்குப் போனவர் இளைஞர் சந்திரன் ரட்னம். அமெரிக்காவில் சினிமா படித்துத் திரும்பி, ஃபிலிம் லொகேஷன் சர்வீசஸ் என்ற நிறுவனத்தின் மூலம் இலங்கை வரும் வெளிநாட்டுக் குழுக்களுக்கு ஏற்பாடு செய்துகொடுப்பதையே தொழிலாக்கினார். கடைசியில் தானே இயக்குநராகி, 2013இல் வெளிவந்த ‘எ காமன் மேன்’ படத்தில் பென் கிங்ஸ்லியை நடிக்க வைத்தார். எடுபிடியாகத் தொடங்கி இயக்குநர் நாற்காலி வரை போக முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

இலங்கைக்கு இந்தத் தொழில் வளர்ந்ததில் நம் பங்கும் உண்டு. ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’ கதையில் மாற்றம் கேட்டது இந்திய அரசு. ஸ்பீல்பெர்க் 1983இல் கண்டிக்குப் போய்விட்டார். ‘வாட்டர்’ படத்துக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்திருந்தும் 2000இல் காசியில் தீபா மேத்தாவின் செட் உடைக்கப்பட்டது. மாநில அரசு படப்பிடிப்பை நிறுத்தியது. சில ஆண்டுகள் கழித்து, வேறு பெயர் சொல்லி, இலங்கையில்தான் அதை எடுத்து முடித்தார். டெல்லி முத்திரை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஏற்பாட்டாளருக்கு அது மறக்கக் கூடாத பாடம். முத்திரை போட்ட காகிதம் ஒரு அனுமதி. ஊர் தரவேண்டியது இன்னொரு அனுமதி.

காகித வேலையும் லேசுப்பட்டதல்ல. கதைப் படம் என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், ஆவணப்படம் என்றால் வெளியுறவு அமைச்சகம். படப்பிடிப்புக்கென்றே தனி விசா. சரணாலயத்துக்குள் போக 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி. சந்திரகிரிக் கோட்டை போன்ற இடம் என்றால் தொல்லியல் துறை. ரயில் என்றால் ரயில்வே. 2015இல் இதற்கெல்லாம் ஒரே வாசலாகத் திரைப்பட வசதி அலுவலகம் தொடங்கப்பட்டது. வாசல் ஒன்றானாலும் உள்ளே படிகள் பல என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கும் ஜோக்.

பணமும் இப்போது பெரிதாகியிருக்கிறது. இந்தியாவில் செலவிடும் தொகையில் 30 சதவீதம் வரை, அதிகபட்சம் 2 கோடி ரூபாய் திருப்பித் தரப்படும் என்று 2022இல் மத்திய அரசு அறிவித்தது. 2023 நவம்பரில் அது 40 சதவீதமாகவும் உச்சவரம்பு 30 கோடியாகவும் உயர்ந்தது. திருப்பிக் கேட்க வேண்டுமானால் தணிக்கை செய்த கணக்கு வேண்டும். பில் புத்தகம் இல்லாத டீக்கடை, வாடகைக்கு மாடு விடுபவர், ஒரு நாள் வீட்டைக் காலி செய்து கொடுத்த குடும்பம் இவர்களுக்கெல்லாம் கொடுத்த பணத்தை எப்படிக் கணக்கில் எழுதுவது என்பது ஏற்பாட்டாளரின் தலைவலி. பெரிய ஓட்டல் பில்லை வைத்துக் கணக்கை முடிப்பது சுலபம். அந்தச் சுலபத்தில் ஊருக்குப் போகவேண்டிய பணம் ஓட்டலுக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

ஸ்டில் போட்டோகிராபர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு படத்தின் சுவரொட்டி, பத்திரிகைச் செய்தி, பிற்காலத்து ஆராய்ச்சி எல்லாமே அவர் எடுத்த படங்களில்தான் நிற்கின்றன. சத்யஜித் ராயுடன் சுமார் 25 ஆண்டுகள் திரிந்த நிமாய் கோஷ் இல்லையென்றால் ராய் எப்படி வேலை செய்தார் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஆனால் கூலிக்குப் படம் எடுக்கும் உள்ளூர் போட்டோகிராபர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் மட்டுமே நிலைமை மாறும். அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, ‘இது நான் எடுத்த படம்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை எடுத்தவரிடமே விட்டுவைக்கிறது. காசு போனாலும் பெயர் போகாது. ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கல்யாண ஆல்பத்தின் மூலையில் தங்கள் ஸ்டூடியோ பெயரைத் தவறாமல் அச்சடிக்கும் நம் ஆட்கள், வெள்ளைக்காரக் கம்பெனியிடம் மட்டும் கூச்சப்பட்டு வாய் மூடிவிடுகிறார்கள்.

பெயர் கேட்டு வாங்க முடியும் என்பதற்கு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ அத்தாட்சி. லவ்லீன் டாண்டன் அந்தப் படத்துக்கு நடிகர்களைத் தேர்வு செய்யத்தான் அமர்த்தப்பட்டார். சிறுவர்கள் ஆங்கிலத்தில் பேசினால் எடுபடாது, இந்தியிலேயே பேசட்டும் என்று சொன்னது அவர். டேனி பாயில் கேட்டுக்கொண்டார். படத்தின் கணிசமான பகுதி இந்தியில் அமைந்தது. பெயர்ப் பட்டியலில் அவருக்கு ‘இந்திய இணை இயக்குநர்’ என்ற இடம் கிடைத்தது. ஊரை அறிந்தவரின் ஒரு வார்த்தை படத்தின் உயிரையே மாற்றக்கூடும்.

மொழிபெயர்ப்புதான் எனக்கு நெருக்கமான பகுதி. 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தை இயக்கிய ழாக் ஒதியார் தமிழ் அறியாதவர். எழுத்தாளர் ஷோபாசக்தியும் சென்னை நடிகை காளீஸ்வரி சீனிவாசனும் பேசிய தமிழ், மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகத்தான் அவரைச் சென்றடைந்தது. நல்ல மொழிபெயர்ப்பாளர் இரண்டு பக்கமும் உண்மையைக் கொண்டு போவார். மோசமானவர் இரண்டு பக்கமும் சந்தோஷத்தை மட்டும் கொண்டு போவார். ‘இதை எடுக்க முடியுமா என்று கேளுங்கள்’ என்று இயக்குநர் சொல்வார். கிராமத்துப் பெரியவர், ‘பார்க்கலாம்’ என்பார். நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்று அர்த்தம். அதை ‘சரி என்கிறார்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் அன்றைய வேலை நடந்துவிடும். மறுநாள் கம்பு எடுத்துக்கொண்டு வருவார்கள்.

ஆவணப்படங்களில் முகம் காட்டுபவர்களிடம் ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு முறை அதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. யானை மிதித்த வயலின் சொந்தக்காரப் பாட்டி, திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். ‘இந்தப் படத்தை எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி வந்தது. இது நான் ஜோடித்ததல்ல. வக்கீல்கள் வழக்கமாக எழுதும் வாசகம். பாட்டி சிறிது யோசித்தார். “பிரபஞ்சம்னா மேலேயுமா நைனா? அங்க எங்க வீட்டுக்காரர் இருக்காரு, அவரு பாப்பாரா?” என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வியைப் போட்டார்: “என்றென்றைக்கும்னு போட்டிருக்கே, துட்டும் அப்படியா?” இதற்குக் குழுவில் ஒருவரிடமும் பதில் இல்லை. பாட்டிக்குப் புரியும்படி வாசித்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது. புரியாமல் வாசித்திருந்தால் கைநாட்டு மட்டும் வந்திருக்கும்.

அந்தக் கேள்வி சிறிய விஷயமல்ல என்பதை 2023 காட்டியது. முதுமலையில் எடுக்கப்பட்ட ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ அந்த ஆண்டு மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. பொம்மனும் பெள்ளியும் உலகத்துக்கே தெரிந்த முகங்கள் ஆனார்கள். ஆகஸ்டில் அவர்கள் சார்பில் வக்கீல் நோட்டீஸ் போனது. படத்தில் வரும் திருமணக் காட்சிக்குத் தங்கள் கைப்பணத்தைச் செலவழித்ததாகவும், சொன்ன உதவிகள் வந்து சேரவில்லை என்றும் புகார். தயாரிப்புத் தரப்பு அதை மறுத்தது. பிறகு வழக்கை மேலே கொண்டு போக விருப்பமில்லை என்று பொம்மனே சொல்லிவிட்டார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பத்தியின் வேலை அல்ல. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. என்ன சொல்லப்பட்டது, என்ன புரிந்துகொள்ளப்பட்டது என்பதை இரு தரப்புக்கும் தெரிந்த மொழியில் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

இந்தத் தொழிலில் வாக்குறுதி எப்படிப் பிறக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். இயக்குநர் நெகிழ்ந்துபோய், ‘இவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும்’ என்பார். அது ஒரு உணர்ச்சி. ஏற்பாட்டாளர் அதை ‘உங்களுக்கு ஏதாவது செய்வார்களாம்’ என்று மாற்றுவார். இப்போது அது செய்தி. அந்த வீட்டிலிருந்து தெருமுனைக்குப் போவதற்குள் ‘வீடு கட்டித் தருகிறார்களாம்’ என்று ஆகிவிடும். இப்போது அது கடன். குழு விமானம் ஏறிய பிறகு அந்தக் கடனைக் கேட்டு யார் வாசலில் நிற்பார்கள்? லண்டன் போய் நிற்க முடியாது. ஸ்டூடியோ வாசலில்தான் நிற்பார்கள். படம் முடிந்த பின்னும் ஊரில் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் இருக்கிறது. லூயி மால் 1968இல் இந்தியாவில் சுற்றி எடுத்த ‘ஃபாண்டம் இந்தியா’ தொடரில் சென்னைக்கென்றே ஒரு பகுதி உண்டு. ‘தில்லானா மோகனாம்பாள்’ படப்பிடிப்பைக்கூட அதில் பார்க்கலாம். 1970இல் பி.பி.சி. அதை ஒளிபரப்பியதும் இந்திய அரசு கோபப்பட்டு பி.பி.சி.யின் டெல்லி அலுவலகத்தை மூட வைத்தது. 1972 வரை அது திறக்கவில்லை. நம் வறுமையைக் காட்டிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அன்று முதல் இன்று வரை ஓயவில்லை. அந்தக் கோபமும் கடைசியில் ‘கூட்டி வந்தவன் யார்?’ என்றுதான் தேடும். தேசத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பட்டம் கட்டுவதற்கு இயக்குநரைவிட எளிதில் அகப்படுபவர் உள்ளூர் ஆள். ஆக, கிராமத்துக்குக் குழுவின் பிரதிநிதி அவர். குழுவுக்குக் கிராமத்தின் பிரதிநிதி அவர். அரசாங்கத்துக்கு இரண்டுக்கும் ஜாமீன் அவர். சம்பளம் மட்டும் ஒன்று.

வெளிநாட்டுக்காரர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டுவதும் நியாயமாகாது. ‘ஸ்லம்டாக்’ சிறுவர்களின் படிப்புக்கும் வீட்டுக்கும் டேனி பாயிலும் தயாரிப்பாளரும் அறக்கட்டளை வைத்தார்கள். 2011 ஜனவரியில் புதுச்சேரியில் ‘லைஃப் ஆஃப் பை’ எடுத்த ஆங் லீ, 2013இல் ஆஸ்கர் மேடையில் இந்தியக் குழுவையும் நினைவுகூர்ந்து, நமஸ்தே சொல்லி இறங்கினார். அந்தப் படத்தின் தாலாட்டை எழுதிப் பாடிய பாம்பே ஜெயஸ்ரீ ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். நல்ல எண்ணம் அங்கே இல்லாமல் இல்லை. அது தாளில் இறங்குகிறதா என்பதுதான் விஷயம்.

என்ன செய்யலாம்? சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தாங்களே மூன்று வழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ளலாம். ஒன்று, எந்த ஒப்புதல் படிவமும் ஊர் மொழியில் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். தொகை எவ்வளவு, என்றைக்கு, இதற்கு மேல் ஏதாவது உண்டா இல்லையா என்பது அதில் இருக்க வேண்டும். ‘இதற்கு மேல் எதுவும் இல்லை’ என்றால் அதையும் தைரியமாக எழுத வேண்டும். இரண்டு, குழுவின் வாயிலிருந்து வரும் எந்த நல்ல வார்த்தையையும் எழுத்தில் வாங்காமல் கிராமத்துக்குச் சொல்லக் கூடாது. மூன்று, ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது கேமரா, ஒலி, விளக்கு என்று ஏதாவது ஒரு பிரிவில் உதவிக்குச் சேர்க்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் படக்குழு வந்தால் பையன்களுக்குக் கிடைக்கும் வேலை கூட்டத்தை விலக்குவது, தண்ணீர் பாட்டில் தூக்குவது. பேட்டா கிடைக்கும், பிரியாணி கிடைக்கும். போன மாதம் அப்படிப் போய்வந்த ஒரு பையனிடம், “என்ன கேமரா வைத்திருந்தார்கள்?” என்று கேட்டேன். “கிட்டவே விடல சார்” என்றான். பாலாற்றுப் பக்கத்திலும் ஒரு சுப்ரத மித்ரா இருக்கலாம். நோட்டோடு ஓரமாக நிற்க அவனுக்கு ஓர் இடம் வாங்கித் தருவதும் ஏற்பாட்டாளரின் ஏற்பாடுகளில் ஒன்றாக இருக்கட்டும்.